மாசி மாதமும் குளத்து மீனும்

மாசித் திங்களும் வங்காளத்தாரின் பால்குன மாதமும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறக்கின்றன. பனி விலகுகிறது. கம்பளி உடைகள் பெட்டிக்குள் செல்கின்றன. சிமுல் என்று இவர்கள் வழங்கும் முள்ளிலவ மரங்கள் இலையுதிர்த்துச் செம்பூப் பூத்து நிற்கின்றன. இந்நாட்களில் கொல்கத்தாவின் புறநகர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். குடை ஒன்று, சிற்றுண்டிப் பெட்டி ஒன்று, நீண்ட தூண்டிற்கோல்கள் இரண்டு மூன்று, இவற்றுடன் குளக்கரையை நோக்கி விரையும் ஆடவர் கூட்டமே அது. குளிர்காலம் முழுவதும் வீட்டில் அடைந்துகிடந்த தூண்டில்கள் வெளியே வரும் காலம் இது.

இதைப்பற்றி எழுதுமாறு தூண்டியது வாசகச் சகோதரியார் ஒருவரின் கடிதம். கணவரின் அலுவல் மாற்றத்தால் இரண்டு ஆண்டுகளுக்குமுன் திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கு வந்த குடும்பம். பதின்மூன்று வயது மகன் பள்ளியில் தோழர் அதிகம் இன்றித் தனித்திருந்தான். இப்போது பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரைத் "தாது" என்று அழைத்துக்கொண்டு, விடுமுறைதோறும் அவருடன் குளத்துக்குச் சென்றுவிடுகிறானாம். 'இது நல்ல பழக்கந்தானா? படிப்புக் கெடாதா? நீரால் அபாயம் நேராதா? நாங்களோ மீன் உண்ணாத குடும்பத்தினர். உயிரைப் பிடித்து விளையாடுவது முறையா?' எனக் கேட்டிருக்கிறார். நான்கு கேள்விகளும் நியாயமானவை. புலம்பெயர்ந்து வாழும் வேறு பல பெற்றோருக்கும் இவை எழக்கூடும். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியைக் குளத்துக்கும் தூண்டிலுக்கும் ஒதுக்குகிறோம்.

குளமும் வங்காளமும்

நம் நாட்டில் ஏரியும் கண்மாயும் வயலுக்காகப் பிறந்தவை. ஊருணி குடிநீருக்காகப் பிறந்தது. வங்காளத்துக் குளம் பிறந்த கதை வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் கொட்டி உருவாக்கிய இத்தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டுவதற்கு முதலில் மேடு வேண்டும். மேட்டுக்கு மண் வேண்டும். மண் தோண்டிய இடம் குளமாயிற்று. வீடும் குளமும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர் என்றே சொல்லலாம். சிறியதைப் 'புக்கூர்' என்றும், பெரியதைத் 'தீகி' என்றும், மீன் வளர்ப்பதற்காகக் கரை கட்டிய பரந்த நீர்ப்பரப்பைப் 'பேரி' என்றும் இவர்கள் வழங்குவர். நம்மவர் பலர் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் வட்டாரத்துக்கு அருகிலுள்ள பெரிய ஏரியும் 1920-களில் நகர மேம்பாட்டுக் கழகத்தார் வெட்டியதேயாகும். அது 1958-இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்றது.

மீனை வங்காளத்தார் உணவாக மட்டும் கருதுவதில்லை. திருமணத்தில் மணமகன் வீட்டிலிருந்து மணமகள் வீட்டுக்குச் செல்லும் சீர்வரிசையில் பெரிய ரோகு மீனொன்று, பொட்டும் பூவும் அணிந்து, மணப்பெண்போல் ஒப்பனை செய்யப்பட்டு வருவதைப் பலர் பார்த்திருக்கலாம். பாண்டியர் கொடியில் மீனைக் கண்டு வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. ஆயினும் சீர்த்தட்டில் காண்பது புதுமையே.

மூன்று அடுக்கு மாளிகை

இங்குள்ள குளங்களில் முதன்மையாக வாழ்பவை மூன்று மீன்கள்: கட்லா, ரோகு, மிர்கால். ரோகுவை இவர்கள் 'ருயி' என்பர். கங்கை மீன்களைப்பற்றி 1822-இல் பெருநூல் ஒன்று வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன், உள்ளூர்ப் பெயர்களையே தழுவி இவற்றுக்கு அறிவியற்பெயர் சூட்டினார். அதனால் மக்கள் வழங்கிய பெயர்கள் உலக மொழியில் நிலைத்தன.

இம்மூன்றும் ஒரே குளத்தில் சண்டையின்றி வாழ்வதற்குக் காரணம், அவை மூன்று அடுக்கில் குடியிருப்பதே. பெருந்தலையும் மேல்நோக்கிய வாயும் உடைய கட்லா மேற்பரப்பை ஒட்டி நுண்ணுயிர்களை உண்ணும். ஓரம் மடிந்து சுருங்கிய உதடுகளை உடைய ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடித்தளத்துச் சேற்றில் மக்கிய பொருள்களைத் தேடும். தூண்டிலிடுபவன் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. எந்த மீனை நாடுகிறோமோ, இரை அந்த அடுக்கில் தொங்க வேண்டும்.

இவற்றைப்பற்றி அறிய வேண்டிய மற்றொரு செய்தி, இவை தேங்கிய குளத்து நீரில் முட்டையிடுவதில்லை என்பது. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரை கடந்து பாயும்போதே இவை இனம் பெருக்கும். ஆகவே முற்காலத்தில் குளத்தில் விடுவதற்கான குஞ்சுகளை ஆற்றிலிருந்தே வலைவீசி எடுத்து, மண்குடங்களில் சுமந்து வந்தார்கள். எந்தக் குஞ்சு எந்த மீனினுடையது எனப் பிரித்தறிவதும் அரிதாயிருந்தது. இந்நிலையை மாற்றியவர் வங்காளத்து அறிஞர் ஹீராலால் சௌதுரி. 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில், மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை இனத்தைக் குளத்திலேயே முட்டையிடச் செய்வதில் அவரும் அவருடைய துணைவரும் வெற்றி கண்டனர். அந்நாளே இன்று நாடெங்கும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கங்கை வெளியின் இம்மீன்கள் நம் தென்னாட்டு நீர்த்தேக்கங்களிலும் சந்தைகளிலும் இன்று மலிந்திருப்பதற்கு இவ்வெற்றி பெருந்துணை செய்தது.

மாசியில் மீன் எங்கே இருக்கும்?

மீன் தன் உடம்புக்கெனத் தனி வெப்பம் இல்லாத உயிர். நீரின் வெப்பமே அதன் வெப்பம். மார்கழி, தை மாதங்களில் இங்குக் குளத்து நீர் 20 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது செரிமானம் மந்தமாகிறது. மீன் ஆழத்தில் அசையாது கிடக்கிறது. மூக்கின் முன்னே இரையை நீட்டினாலும் பாராமுகமாயிருக்கிறது. நீர் 25 டிகிரியை நெருங்கும்போது பசி திரும்புகிறது. குளிர்காலப் பட்டினியை ஈடுசெய்ய அது மேயப் புறப்படும் காலமே மாசி.

இப்பருவத்தில் இடமும் வேளையும் அறிந்தவனே வெல்வான். ஆழமில்லா ஓரங்கள் முதலில் சூடேறுகின்றன. கதிரவன் இன்னும் தெற்கே சாய்ந்திருப்பதால் வடகரையின்மீது வெயில் நன்கு விழும். மேலும் இக்காலத்தில் தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசத் தொடங்குகிறது. 'தகினா பாதாஸ்' என்று வங்கக் கவிஞர்கள் கொண்டாடும் அக்காற்று வேறன்று, நம் தென்றலே. அது வெயிலில் சூடான மேல்நீரை மெல்லத் தள்ளி வடகரையில் சேர்க்கும். நீரோடு சிற்றுயிர்களும் சேரும். அவற்றைத் தொடர்ந்து மீனும் சேரும். ஆகவே மாசியில் வடகரையில், முற்பகல் பத்து மணிக்குமேல் மாலை நான்கு மணிவரை அமர்வது நன்று. விடியலில் சென்று குளிரில் நடுங்குவதால் பயன் சிறிதே.

சித்திரை, வைகாசி வந்தால் இக்கணக்கு தலைகீழாகிவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். பாசி மிகுந்த குளங்களில் இரவு முழுவதும் பாசியும் மூச்சுவிடுவதால் விடியற்பொழுதில் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைக் காணலாம். அது பசியன்று, மூச்சுத் திணறல். அவ்வேளையில் தூண்டிலிடுவது பயனற்றது, இரக்கமற்றதுங்கூட.

கருவிகளும் இரையும்

கோலுக்குச் 'சிப்', தூண்டில் முள்ளுக்கு 'பொர்ஷி', தக்கைக்கு 'ஃபாத்னா', நரம்பு சுற்றும் உருளைக்கு 'ஹுயில்' என்பன இங்கு வழங்கும் பெயர்கள். கடைசிச் சொல் ஆங்கிலேயரின் சக்கரச் சொல் வங்க நாவில் தேய்ந்து உருவானது. தக்கையை முன்பு மயிலிறகின் தண்டினால் செய்தனர். இப்போது பிளாஸ்டிக்கே மிகுதி.

இக்கலையின் உயிர் 'சார்' என்னும் கூட்டுத்தீனியில் இருக்கிறது. முள்ளில் கோக்கும் இரை வேறு. மீனை அவ்விடத்துக்கு அழைப்பதற்காக நீரில் தூவும் தீனி வேறு. புளிக்கவைத்த கடுகுப் பிண்ணாக்கு, வறுத்த தவிடு, வெந்தயம், இவர்கள் ஏகாங்கி என்று அழைக்கும் கச்சோலக் கிழங்கு, இன்னும் வீட்டுக்கு வீடு மாறும் மறைபொருள்கள் பலவற்றைச் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்குவர். நம் இல்லங்களில் சாம்பார்ப்பொடிக்கு எவ்வளவு பெருமை உண்டோ, அவ்வளவு பெருமை இதற்கு உண்டு. தகப்பன் மகனுக்கன்றிப் பிறருக்குச் சொல்லாத பக்குவங்களும் உள என்பர். முள்ளில் கோக்கும் இரையாக ரொட்டி மாவு, மண்புழு, முசுறு எறும்பின் முட்டை ஆகியன பயன்படுகின்றன. எறும்பு முட்டைக்காக மரமேறிக் கடிபடும் சிறுவர்கள் இன்றும் உளர்.

கூட்டுத்தீனியை அளவுக்கு மீறி இறைத்தலாகாது. உண்ணப்படாத தீனி அழுகும். அழுகல் உயிர்வளியை விழுங்கும். முதலில் சிறிது தூவி, நீரில் நீர்க்குமிழிகள் வரிசையாக எழுகின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். அடியில் மீன் சேற்றைக் கிளறுவதன் அடையாளம் அது. தக்கை அமிழ்ந்து மீன் சிக்கியதும் மூர்க்கமாக இழுப்பவன் நரம்பை அறுத்துக்கொள்வான். கோலை நிமிர்த்திப் பிடித்து, மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுத்து, அது தளரும்போது சுற்றி, இறுதியில் கைவலையால் ஏந்துவதே முறை.

இக்கலை அண்மையில் தோன்றியதும் அன்று. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில் மீன்பிடி விளையாட்டுக்கெனத் தனிப்பகுதி உண்டு. மீன் வகை, அவற்றுக்கேற்ற தீனி, தூண்டில் ஆகியவற்றை அரசன் விளக்குகிறான். அதனை ஆராய்ந்து 1951-இல் கட்டுரை எழுதியவர் கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநராய் இருந்த சுந்தர்லால் ஹோரா.

எதைக் கொள்வது, எதை விடுவது?

இனிச் சகோதரியார் எழுப்பிய அறக்கேள்விக்கு வருவோம். மீன் உண்ணாத இல்லத்துச் சிறுவன் தூண்டிலிடலாமா என்பதை அவ்வில்லமே முடிவு செய்ய வேண்டும். மீனுக்கு முள் நோவு தராது என்று சொல்லி நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டா. பெரியவர் அருகில் அமர்ந்து, தக்கையைக் கவனித்து, நீரின் இயல்பைக் கற்று, முள்ளைத் தொடாமலே திரும்பும் சிறுவனும் பெரும்பயன் பெறுகிறான். தூண்டிலிடுவது என்று முடிவானால், எதைக் கொள்ளலாம், எதை விடவேண்டும் என்னும் விவேகம் இன்றியமையாதது.

கட்லாவும் ரோகுவும் குளத்தில் இனம் பெருக்குவதில்லை என்று கண்டோம். உரியவர் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடுகிறார். சீட்டுப் பெற்றுப் பிடிப்பவர் வளர்ந்ததை எடுக்கிறார். இதனால் இனம் அழிவதில்லை. ஆனால் வரால் மீனின் நிலை வேறு. இவர்கள் 'ஷோல்' என்று வழங்கும் வரால், குளத்திலேயே குடும்பம் நடத்துவது. நீர்ச்செடிகளை ஒதுக்கிக் கூடமைத்து, முட்டையைக் காத்து, குஞ்சு பொரித்தபின் செந்நிறத் திரளாய் நீந்தும் அக்கூட்டத்தின் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அருகில் எது வந்தாலும் சீறிப் பாயும். அக்குணத்தை அறிந்து, குஞ்சுத் திரளின் நடுவே தவளை இரையை வீசிப் பெற்றோரைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மிக எளிய வெற்றி. மிக இழிந்த வெற்றியும் அதுவே. காவல் போனால் அத்தனை குஞ்சும் பிற மீனுக்கும் பறவைக்கும் இரையாகும்.

வட அமெரிக்கக் குளங்களில் பெருவாய்ப் பாஸ் என்னும் மீன் இவ்வாறே வாழ்கிறது. அந்நாட்டு இளவேனிலில் நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண்மீன் ஆழமில்லா ஓரத்தில் வாலால் குழி பறித்துக் கூடு செய்து, முட்டையைக் காத்து நிற்கும். அதனைச் சில நிமிடம் தூக்கி எடுத்தாலும், சிறுமீன்கள் புகுந்து முட்டையைச் சூறையாடிவிடும். ஆதலால் அங்குச் சில பகுதிகளில் அக்காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை உண்டு. தடையில்லாத இடத்தும் நல்ல தூண்டிற்காரர் கூட்டிலிருக்கும் மீனை நெருங்குவதில்லை. நம் வராலுக்கும் அந்த மரியாதையை நாம் அளிக்கலாம்.

விடுவதானால் முறையாக விடவேண்டும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுக. உலர்ந்த கை அதன் வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்னரே குறடால் நசுக்கி வைத்தால் எளிதில் கழலும். நீருக்கு வெளியே நெடுநேரம் வைத்துப் படம் எடுத்தலாகாது. நீரில் தாங்கிப் பிடித்து, அது தானே நீந்திச் செல்லும்போது விடுக. இன்னொன்று: வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன அயல்நாட்டு மீன்களைக் குளத்தில் கொட்டுவது அறமன்று. அவ்வாறு வெளிப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் கிழக்குக் கொல்கத்தாவின் மீன்பண்ணைகளில் பெருகித் தொல்லை தருகின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

அபாயம் உண்டு, அஞ்சி விலக்கத்தக்க அளவில் இல்லை. படித்துறைகள் பாசியால் வழுக்கும். நீந்தத் தெரியாத சிறுவன் பெரியவர் துணையின்றிக் கரையை அணுகலாகாது. நீந்தக் கற்பித்துவிடுவது எல்லாவற்றினும் நன்று. தேளி மீன் சிக்கினால் கையால் பற்ற வேண்டா. அதன் பக்கத் துடுப்பு முள் நச்சு உடையது. பங்குனி, சித்திரையில் பிற்பகலில் வடமேற்கு வானம் கறுத்தால் அது கால்வைசாகிப் புயல். இடிமுழக்கம் கேட்டவுடன் கோலைக் கீழே போட்டு, மரத்தடியையும் விட்டு நீங்கிக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். இக்காலத்துக் கரியிழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

குளம் யாருடையது என்று அறியாமல் தூண்டிலிடலாகாது. பல குளங்களில் நாட்கட்டணம் பெற்றுச் சீட்டு வழங்குவர். எத்தனை கோல், எத்தனை மணிநேரம் என்ற வரையறையும் உண்டு. அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் சுருட்டி எடுத்துவர வேண்டும். கொக்கும் மீன்கொத்தியும் அதில் சிக்கி இறக்கின்றன. படிப்பைப் பொறுத்தவரை, வாரத்தில் ஒரு நாள் சில மணிநேரம் பேசாமல் ஒரு பொருளையே நோக்கியிருக்கக் கற்ற சிறுவனின் படிப்பு அதனால் கெடும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இவை அனைத்தினும் மேலான செய்தி ஒன்றுண்டு. புதிய ஊருக்கு வந்த குடும்பத்தில் தகப்பனாருக்கு அலுவலகம் இருக்கிறது; தாய்க்குக் கோயிலும் சங்கமும் உள்ளன. சிறுவனுக்கு அவ்வூர் தன்னுடையதாவது எப்போது? அவ்வூர் முதியவர் ஒருவர் தம் கூட்டுத்தீனியின் பக்குவத்தை அவனுக்குச் சொல்லும்போதுதான். தகப்பன் மகனுக்கன்றிச் சொல்லாததை ஒருவர் அயலார் பிள்ளைக்குச் சொல்வாராயின், அவர் அவனை அயலானாகக் கருதவில்லை என்பது பொருள். வங்கமொழியை அவன் இலக்கண நூலில் கற்பதைவிட அங்கே விரைவில் கற்பான். சகோதரியார் ஒருநாள் அப்பெரியவரை வீட்டுக்கு அழைத்து, நம் இட்லியும் காப்பியும் அளித்து, மகனுக்கு இடும் கட்டுப்பாடுகளை மனம்விட்டுப் பேசிக்கொள்வது நலம்.

குளம் இருந்தால்தான்

இவ்வளவும் குளம் இருந்தால்தான். நகரம் வளர வளரக் குளங்கள் இரவோடிரவாகக் குப்பையாலும் இடிந்த கட்டட மண்ணாலும் தூர்க்கப்படுகின்றன. மேற்கு வங்காளத்தின் 1984-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993-இல் செய்த திருத்தத்தின்படி, 5 கட்டா, அதாவது 0.035 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்ப்பது குற்றம். நகரின் கழிவுநீரையே மீனுணவாக மாற்றும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 12,500 ஹெக்டேர் பரப்புடையது, 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. சட்டம் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. ஆயினும் ஒரு குளத்தின் ஓரத்தில் முதல் லாரி மண் கொட்டப்படும்போது அதை முதலில் காண்பவர் யார்? வாரந்தோறும் அக்கரையில் வந்து அமரும் தூண்டிற்காரரே. அவர் வாய் திறந்தால் குளம் பிழைக்கும். பிறருடைய ஊர்தானே என்று நாம் வாளாவிருந்தால் அது போய்விடும்.

ஆகவே இந்த மாசியில் தம் பிள்ளைகளை வடகரைக்கு அனுப்பும் பெற்றோர், மீன் கிடைத்ததா என்று கேட்பதோடு, நீர் தெளிவாக இருந்ததா, கரை முன்போல் இருந்ததா என்றும் கேட்பார்களாக. அக்கேள்விகளுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை இவ்வூருக்கு விருந்தினன் அல்லன், குடிமகன்.